குழந்தையின் பல்லில் சீழ் பிடித்தால்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொத்தைப் பல்லில் சீழ் வைத்து, ஈறோ கன்னமோ வீங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்ப்பவள் என்ற முறையில், நேரில் சொல்வதையே இங்கே எழுதியிருக்கிறேன். இரண்டு வயது முதல் எட்டு, ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்த பதில்கள். முதல் கேள்வியை மட்டுமாவது எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த நிலையில் ராத்திரி என்றும் பாராமல் கிளம்ப வேண்டும்?

வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறி இமை மூடுகிற அளவுக்கு வந்துவிட்டால். தாடைக்கு அடியிலோ கழுத்துப் பக்கமோ இறங்கிக் கெட்டியாக இருந்தால். பிள்ளையால் வாயைத் திறக்க முடியவில்லை, எச்சிலைக்கூட விழுங்காமல் வழியவிடுகிறது என்றால். குரல் மாறினாலோ மூச்சு வாங்கினாலோ. காய்ச்சலோடு துவண்டுபோய், தண்ணீர் குடிக்க மறுத்து, வெகுநேரமாகச் சிறுநீரும் போகாமல் இருந்தால். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், 108-ஐக் கூப்பிடுங்கள். போக வேண்டிய இடம் பல் கிளினிக் அல்ல. பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு.

மேல் பல்லின் சீழ் கண்ணைச் சுற்றிப் பரவும். கீழ்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கி, நாக்கை மேலே தள்ளி மூச்சுப் பாதையை அடைக்கும். சின்னப் பிள்ளைக்கு அந்தப் பாதையே குறுகல். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றி, தேவைப்பட்டால் கீறிச் சீழை வெளியேற்றுவார்கள். வீட்டில் கொடுக்கும் சிரப் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது.

அஞ்செட்டி, தளி, வத்தல்மலை, பென்னாகரம் மலையோரம் என்று தொலைவில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட வேண்டும். சாயங்காலம் கன்னம் உப்பத் தொடங்கிக் காய்ச்சலும் கண்டால், "விடியட்டும், முதல் பஸ்ஸுக்குப் போகலாம்" என்று இருக்காதீர்கள்.

வீக்கம் ஈறோடு நின்று, பிள்ளை விளையாடிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால் இத்தனை பதற்றம் தேவையில்லை. ஆனாலும் ஓரிரு நாளுக்குள் பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது. இதற்குப் போய் வைத்தியமா?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. பல வீடுகளில் தாமதமாவதற்கும் இந்த எண்ணம்தான் காரணம்.

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6 வயதிலிருந்து 8 வயதுக்குள் விழும் என்பது சரி. ஆனால் சொத்தை அதிகம் பிடிக்கும் பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருந்து வேலை செய்ய வேண்டியவை. நாலு வயதுப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தால், அது விழ இன்னும் ஆறேழு வருடம் இருக்கிறது. அத்தனை வருடம் சீழை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படிச் சாப்பிடும், எப்படித் தூங்கும்?

அதோடு, பால் பல்லின் வேருக்குக் கீழேதான் நிலைப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே மாதக்கணக்கில் சீழ் தேங்கினால் கீழே வளரும் பல்லின் எனாமல் கெட்டு, முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ குழி விழுந்தோ வரலாம். அந்தப் பல் ஆயுளுக்கும் வேண்டியது.

பால் பல்லின் எனாமல் மெல்லியது. உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் அறை, பல்லின் அளவோடு பார்த்தால் பெரியது. அதனால் பெரியவர்களுக்கு மெதுவாக இறங்கும் சொத்தை குழந்தைக்குச் சீக்கிரமே நரம்பைத் தொட்டுவிடும். "போன மாசம் சின்னக் கறுப்புப் புள்ளியாகத்தான் இருந்தது" என்று வருகிறவர்கள் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன்.

சீழ் பிடித்திருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பகல் வெளிச்சம் வரும் வாசலில் நீங்களும் வீட்டில் இன்னொருவரும் எதிரெதிரே, முழங்கால் முட்ட உட்காருங்கள். பிள்ளை அவர் மடியில் அவரைப் பார்த்தபடி உட்காரட்டும். அப்படியே பின்னால் சாய்த்துத் தலையை உங்கள் மடிக்குக் கொண்டுவாருங்கள். கையை அவர் பிடித்துக்கொள்ளலாம். விரலால் மேலுதட்டைத் தூக்குங்கள்; அப்புறம் கன்னத்தை ஒதுக்கிக் கடைவாய் ஈறைப் பாருங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் செல்போன் டார்ச் உதவும்.

சொத்தைப் பல்லுக்கு நேராக ஈறில், அரிசி அளவோ துவரம்பருப்பு அளவோ ஒரு கொப்புளம் இருக்கும். சிவப்பாக இருக்கும், சில நாள் நுனியில் மஞ்சள் தெரியும். உடைந்து ஒழுகினால் அமுங்கிவிடும், சில நாளில் திரும்ப எழும்பும். உள்ளே தேங்கும் சீழ் வெளியே வர அமைத்துக்கொண்ட வழி அது. வாயில் கெட்ட வாடையும் இருக்கும்.

கொப்புளம் இல்லாமலும் சீழ் இருக்கலாம். ஒரே பக்கமாக மெல்லுவது, களி, சாதம் மட்டும் சாப்பிட்டு முறுக்கு, கடலையை ஒதுக்குவது, தூக்கத்தில் அழுது எழுவது, பல் ஆடுவது, பல் துலக்கும்போது ஒரு இடத்தைத் தொடவிடாதது எல்லாம் அடையாளங்கள். பேசத் தெரியாத பிள்ளை பல் வலியைக் காது வலியாகக் காட்டும், காதைப் பிடித்து இழுக்கும்.

சொத்தையே இல்லாத பல்லிலும் இது வரும். விழுந்து முன்பல்லில் அடிபட்டு, மாதங்கள் கழித்து அந்தப் பல் சாம்பல் நிறமானால் உள்ளே நரம்பு செத்திருக்கலாம். நிறம் மாறியதாலேயே வைத்தியம் வேண்டும் என்றில்லை. ஆனால் அதன் ஈறை அவ்வப்போது தூக்கிப் பாருங்கள்.

ஒரு வாரம் துடித்தான், இப்போது வலியே இல்லை. சரியாகிவிட்டதா?

இல்லை. வலியைச் சொல்லும் நரம்பு செத்துவிட்டது. கிருமி உள்ளேதான் இருக்கிறது. அடுத்து வேரின் நுனிக்கும் எலும்புக்கும் போகும். வலி நின்ற இந்த நாட்கள்தான் பிள்ளையைக் கூட்டிப்போக நல்ல சமயம். சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிள்ளை நாற்காலியில் உட்கார ஒத்துழைக்கும்.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன், வீக்கம் வடிந்துவிட்டது. அப்புறம் ஏன் பல்லைத் தொட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகப் போகும் மருந்து. நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே மருந்து பல்லைச் சுற்றியுள்ள சதை வரை போய், அங்கே பரவிய கிருமியைக் குறைக்கும், வீக்கம் வடியும். கிருமிகள் குடியிருக்கும் பல்லின் உள்ளறைக்கு அது போய்ச் சேராது. நாலு வாரமோ நாலு மாதமோ கழித்து வீக்கம் திரும்ப வரும். அடுத்த முறையும் அதே சிரப், அதற்கடுத்த முறை வேறு சிரப் என்று போகும்போது கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகின்றன. பிறகு அதே பிள்ளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால் அந்த மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

பல்லைத் திறந்து சுத்தம் செய்வது அல்லது பிடுங்குவது, இந்த இரண்டில் ஒன்றுதான் வைத்தியம். ஈறில் மட்டும் கொப்புளம் இருந்து காய்ச்சலோ முக வீக்கமோ இல்லையென்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே வேண்டாம். உங்கள் மருத்துவர் எழுதித்தரவில்லை என்றால் குறையாக நினைக்காதீர்கள், சரியாகத்தான் செய்திருக்கிறார்.

முகம் வீங்கி, காய்ச்சலும் இருந்தால் மருந்து வேண்டும். பெரும்பாலும் அமாக்சிசிலின் வகைதான் எழுதுவார்கள், பிள்ளையின் எடையைப் பார்த்து. அது பென்சிலின் வகையைச் சேர்ந்தது; அந்த வகை மருந்துக்கு முன்பு தடிப்போ அரிப்போ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொடியாக வரும் சிரப்பில், கொதித்து ஆறிய தண்ணீரை பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலக்கியதை எத்தனை நாள் வைக்கலாம் என்று லேபிளில் இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரம். மிச்சத்தை எடுத்துவைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

வலிக்கு வீட்டில் என்ன கொடுக்கலாம்? எவ்வளவு?

பாராசிட்டமால். ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம்.

இதில் ஆபத்து வருவது பாட்டிலால். கடையில் ஒரே மருந்து மூன்று பலத்தில் கிடைக்கிறது: 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லிக்கு 250 உள்ள சிரப், ஒரு மில்லிக்கே 100 உள்ள சொட்டு மருந்து. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் வேண்டும். முதல் பாட்டிலில் அது 7.2 மில்லி. இரண்டாவதில் 3.6 மில்லி. சொட்டு மருந்தில் 1.8 மில்லிதான். "எப்போதும் ஒரு மூடி கொடுப்போம்" என்ற கணக்கில் பாட்டில் மாறினால் மருந்து இரண்டு மடங்கு, நாலு மடங்காகிவிடும். கல்லீரல் தாங்காது. லேபிளைப் படியுங்கள், ஊசியில்லா சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம்.

ஐபுபுரூஃபனும் பல் வலிக்கு நன்றாகக் கேட்கும். சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில். வாந்தி பேதியாகி நீர் வற்றியிருந்தால் வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சலும் இருந்து, அது டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலும் வேண்டாம், ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் கலந்தே வரும் சிரப்பும் உண்டு. அதைக் கொடுத்துவிட்டுத் தனியாகவும் பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது.

ஆஸ்பிரின் குழந்தைக்கு ஆகவே ஆகாது. நிமசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்தை 12 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கொடுக்க இந்தியாவில் 2011-லேயே தடை விதித்தாகிவிட்டது. பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலையும் வேண்டாம்.

கிராம்புத் தைலம், ஒத்தடம், பூச்சி எடுப்பது இதெல்லாம்?

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது நல்லது, துப்பத் தெரிந்த பிள்ளைக்கு.

கிராம்புத் தைலத்தைச் சின்னப் பிள்ளைக்கு வைக்காதீர்கள். ஈறை, நாக்கைப் புண்ணாக்கிவிடும். கொஞ்சம் விழுங்கினாலும் நஞ்சு, கல்லீரலைப் பாதிக்கும். பாட்டிலையே பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மரத்துப்போகச் செய்யும் ஈறு ஜெல்லில் பென்சோகெயின் என்று எழுதியிருந்தால் இரண்டு வயதுக்குக் கீழே தொடவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோகும் திறனை அது கெடுக்கக்கூடும்.

வீங்கிய கன்னத்தில் சூடு ஒத்தடம் கொடுத்தால் சீழ் வெளிப்பக்கமாக இழுத்துக்கொள்ளும் என்பதால் வேண்டாம் என்கிறோம். துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம், சில நிமிடம் வைத்து எடுத்தால் இதமாக இருக்கும். புகையிலை, சுண்ணாம்பு, கற்பூரம் எதுவும் வேண்டாம்.

கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்துப் பல் பூச்சி எடுப்பதைப் பற்றி ஆயாமார்கள் கேட்பார்கள். பல்லுக்குள் பூச்சி கிடையாது. சொத்தை என்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிப்பது. பூச்சி என்று காட்டப்படுவது பல்லிலிருந்து வந்ததல்ல. புகையால் பிள்ளையின் வாயும் கண்ணும் நுரையீரலும் புண்படும், அதற்குள் சீழ் இன்னும் ஒரு வாரம் முன்னேறும்.

பல் மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் சின்னதாக ஒரு எக்ஸ்ரே. கதிர்வீச்சு மிகக் குறைவு, பயப்பட வேண்டாம். வேர் எவ்வளவு மிச்சம், எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது, கீழே நிலைப் பல் எங்கே நிற்கிறது என்று அதில்தான் தெரியும்.

சொத்தை நரம்பைத் தொட்டும் வேரில் உள்ள நரம்பு நன்றாக இருந்தால், மேல் பாகத்தை மட்டும் எடுத்து மருந்து வைத்து மூடுவார்கள். சீழ் பிடித்துவிட்ட பல்லுக்கு அது போதாது. வேர் முழுவதையும் சுத்தம் செய்யும் வேர் சிகிச்சை வேண்டும். "குழந்தைக்குப் போய் ரூட் கேனாலா?" என்று பலர் திகைக்கிறார்கள். பெரியவர்களுக்குச் செய்வதும் இதுவும் ஒன்றல்ல. பெரியவர்களின் வேரில் நிரந்தரமாக நிற்கும் பொருளை அடைப்போம். பால் பல்லின் வேர் நிலைப் பல் மேலே வர வரக் கரைந்துபோக வேண்டியது. அதனால் கூடவே கரையும் பசை போன்ற மருந்தைத்தான் அடைப்போம். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு முறை வந்தால் முடிந்துவிடும்.

அதற்கு மேல் கடைவாய்ப் பல்லுக்கு ஸ்டீல் கேப் போடச் சொல்வோம். வெள்ளி நிறத்தில் இருப்பதால் பெற்றோர் தயங்குகிறார்கள். உள்ளே குடைந்த பல் வலுவிழந்தது, வெறும் சிமெண்டால் அடைத்தால் உடைந்து மறுபடி கிருமி புகும். கேப் பல்லை முழுதாக மூடிக் காக்கும். பல் விழும்போது அதோடு சேர்ந்தே விழுந்துவிடும். பின்னால் இருக்கும் பல்லுக்கு என் வாக்கு ஸ்டீல் கேப்புக்குத்தான். பல் நிறத்திலும் கேப் உண்டு, விலை கூடுதல்.

எப்போது பிடுங்கத்தான் வேண்டும்?

வேர் அதிகம் கரைந்துவிட்டால், கேப் போடக்கூட மேலே பல் மிச்சமில்லை என்றால், சீழ் நிலைப் பல்லின் கூட்டைத் தொட்டுவிட்டால், பல் விழும் காலம் நெருங்கிவிட்டால், அல்லது வேர் சிகிச்சை செய்தும் சீழ் திரும்பினால். முகம் பெரிதாக வீங்கி வந்த பிள்ளைக்கும் பல நேரம் பிடுங்குவதே பாதுகாப்பு.

முன்பல் போனால் இடம் பெரிதாக மூடாது, அழகுக் குறைதான். கடைவாய்ப் பல் போனால் கணக்கே வேறு. முக்கியமாக, கடைசியாக நிற்கும் இரண்டாவது பால் கடைவாய்ப் பல். அதற்குப் பின்னால் 6 வயதில் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. முன்னால் தாங்க ஆள் இல்லாவிட்டால் அது முன்னால் சரிந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வர வேண்டிய பல்லுக்கு இடமிருக்காது. கோணலாக வரும் அல்லது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கப் பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி, ஒரு கம்பி வளைவால் இடத்தைப் பிடித்துவைப்போம். பிடுங்கும்போதே அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். ஒரு வருடம் கழித்து வந்து கேட்டால் இடம் போயிருக்கும்.

அந்த 6 வயதுப் பல்லைப் பற்றி இன்னொன்று: எந்தப் பல்லும் விழாமலே வரிசையின் கடைசியில் அது சத்தமில்லாமல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டவர்களை வாரத்துக்கு வாரம் பார்க்கிறேன். அது விழுந்தால் வேறு பல் கிடையாது.

கறுப்பாகும் மருந்து தடவினால் சொத்தை நின்றுவிடும் என்கிறார்களே?

சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற மருந்து. துளை போடாமலே சொத்தையை நிறுத்தும் நல்ல மருந்துதான், அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். ஆனால் அது நரம்பைத் தொடாத சொத்தைக்கு. சீழ் வைத்த பல்லுக்கு இல்லை. அதே பிள்ளையின் மற்ற சொத்தைகளுக்குப் பயன்படுமா என்று கேளுங்கள்.

ஊசி போடுவார்களா? என் பிள்ளை அழுது ஊரைக் கூட்டுவாள்.

மரத்துப்போகும் ஊசி போட்டே ஆக வேண்டும். முதலில் ஈறில் ஜெல் தடவி, பிறகு மெதுவாகப் போடுவோம். சீழ் அதிகம் உள்ள இடத்தில் ஊசி சரியாக வேலை செய்யாது. அதனால் சில பிள்ளைகளுக்கு முதல் நாள் சீழை வெளியேற்றிவிட்டு, சில நாள் கழித்து மீதியைச் செய்வோம்.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வீட்டில்தான் இருக்கிறது. "சேட்டை பண்ணினால் டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடுவேன்" என்று எதற்கும் சொல்லாதீர்கள். "ஒண்ணுமே பண்ண மாட்டாங்க" என்று பொய்யும் வேண்டாம். ஒரு முறை ஏமாந்த பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. "பல்லுல பூச்சி மாதிரி கிருமி இருக்கு, டாக்டர் கழுவி விடுவாங்க, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அம்மா கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றால் போதும். காலை நேரத்தில் கூட்டிவாருங்கள். பிடித்த பொம்மை கையில் இருக்கட்டும். அழுதால் அழட்டும், அழுகை தப்பில்லை.

ஊசி போட்ட பிறகு உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். உணர்ச்சி இல்லாததால் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டே இருக்கும். மறுநாள் உதடு வீங்கி, வெள்ளையாகப் புண்ணாகி நிற்கும். பெற்றோர் சீழ் திரும்பிவிட்டதென்று பதறி ஓடிவருவார்கள். மரப்புப் போகும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், மெல்லுகிற எதையும் கொடுக்காதீர்கள்.

பல பற்கள் ஒன்றாகக் கெட்டு, பிள்ளையும் மிகச் சிறியதாக இருந்தால் முழு மயக்கத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கலாம். மயக்க மருத்துவரும் குழந்தை மருத்துவரும் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும். எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கொஞ்சமும் மீறாதீர்கள். பாவம் பசிக்கிறதே என்று ஊட்டும் ஒரு வாய்ப் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

நம் பக்கத்தில் எங்கே காட்டலாம்?

தர்மபுரியில் 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முக வீக்கத்தோடு வரும் பிள்ளைக்குக் குழந்தைகள் பிரிவும் அறுவைப் பிரிவும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய பலம். ஓசூர், அரூர், பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கம் இருப்பவர்கள் முதலில் தங்கள் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் எந்தெந்த நாள் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். சந்தேகம் கேட்க அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்கும் பேசலாம்.

தனியாரிடம் போவதானால் குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்தவரா என்று கேளுங்கள். வேர் சிகிச்சை, கேப், மறுவருகை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்பதில் கூச்சம் வேண்டாம். பாதியில் பணம் போதாமல் நிறுத்தி, திறந்த பல்லோடு வீடு திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. முழுவதும் செய்ய முடியாத நிலை என்றால் சொல்லிவிடுங்கள். அந்தப் பல்லை ஒழுங்காகப் பிடுங்கிவிடுவது பாதி வைத்தியத்தைவிட நல்லது.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வரும். 2013-ல் தொடங்கிய இந்தத் திட்டம் பல் நோய்களையும் பார்க்கிறது, மேல் சிகிச்சைக்கும் அனுப்புகிறது. அவர்கள் வரும் நாளில் பிள்ளையை லீவு போடவைக்காதீர்கள்.

நாங்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறோம். தாத்தாவும் ஆயாவும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. நீங்கள் வருகிற பண்டிகை வரை தள்ளிப்போடுவதுதான் கூடாது. மயக்கம் கொடுப்பதற்கும் பிடுங்குவதற்கும் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள், அந்த நேரம் போனில் கிடைக்கும்படி இருங்கள். பிள்ளைக்கு இருக்கும் நோய், ஒவ்வாத மருந்து, கடைசியாகப் பார்த்த எடை இவற்றை ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு வீட்டில் வைத்திருங்கள். சிரப் பாட்டிலில் எத்தனை மில்லி என்பதை சிரிஞ்சிலேயே பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தால் ஆயாவுக்குக் குழப்பம் வராது.

பிறவியிலேயே இதயக் கோளாறு, வலிப்பு, ரத்தம் உறையாத நோய் உள்ள பிள்ளை என்றால் வாயைத் திறந்து காட்டும் முன்பே சொல்ல வேண்டும். சில இதயக் கோளாறுகளுக்குப் பல் பிடுங்குவதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல் கெட்டதற்கு அதுதான் காரணமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகமுள்ள மாவட்டங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான்.

ஆனால் புளோரைடு கறையும் சொத்தையும் வேறு வேறு. கறை பெரும்பாலும் நிலைப் பற்களில் வரும்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைக் கோடுகள் அல்லது பழுப்புப் பட்டைகள். தொட்டால் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், வலிக்காது, சீழும் பிடிக்காது. சொத்தை ஓரிரு பல்லில் குழியாக, மெதுமெதுவென்று இருக்கும். கறை மிக அதிகமாகி எனாமல் பொரிந்து குழி விழுந்த பல்லில் அப்புறம் சொத்தையும் சேரலாம்.

"எங்களுக்குத்தான் புளோரைடு இருக்கிறதே, சொத்தை வராது" என்று இருந்துவிடவும் முடியாது. சர்க்கரைப் பால் ராத்திரி முழுக்க வாயில் இருந்தால் எந்தத் தண்ணீரும் காப்பாற்றாது.

குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர் வேண்டாம். ஒகேனக்கல் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள். கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். பேஸ்ட் மூன்று வயது வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு. பெரியவர் பக்கத்தில் நின்று துப்பவைக்க வேண்டும். இன்னும் போர் தண்ணீரே குடிக்கும் வீடு என்றால், எந்த பேஸ்ட் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த பிள்ளைக்கு இப்படி வராமல் இருக்க?

பால் பாட்டிலை வாயில் வைத்துத் தூங்கவைக்காதீர்கள். மேல் முன்பற்கள் நாலும் முதலில் அரிப்பது அதனால்தான். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காக்கின்றன. ஒரு வயதானதும் பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றிவிடலாம். தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுங்கள். பல் முளைத்த பிறகு, படுக்கும் முன் பல் துலக்கிவிடுங்கள்.

"வெள்ளைச் சர்க்கரை போடுவதே இல்லை, நாட்டுச் சர்க்கரைதான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் பக்கம் ஆலை வெல்லம் நன்றாகக் கிடைக்கும் ஊர். ஆனால் பல்லைப் பொறுத்தவரை வெல்லம், கருப்பட்டி, தேன், வெள்ளைச் சர்க்கரை எல்லாம் ஒன்றுதான். ராகிக் களியும் கூழும் பிரச்சினை இல்லை, வெல்லம் போட்டுக் காய்ச்சிய ராகிப் பாலை ராத்திரி குடித்துவிட்டு அப்படியே தூங்குவதுதான் பிரச்சினை. டீயில் தொட்ட பன், வர்க்கி, பத்து ரூபாய் மாம்பழ ஜூஸ் எல்லாமே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் கெடுதல் அதிகம். இனிப்பைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

அம்மாவின் வாயில் சொத்தை இருந்து, அதே ஸ்பூனில் ருசி பார்த்து ஊட்டினால் கிருமி பிள்ளைக்குப் போகும். உங்கள் பல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியம் முடிந்த பிறகு எத்தனை நாளில் சரியாகும்?

பல்லைத் திறந்தோ பிடுங்கியோ சீழுக்கு வழிவிட்டால் இரண்டு மூன்று நாளில் வீக்கம் நன்றாகவே குறைய வேண்டும். குறையவில்லை, அல்லது காய்ச்சல் திரும்புகிறது என்றால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். ஈறுக் கொப்புளம் ஓரிரு வாரத்தில் மறையும்.

பிடுங்கிய அன்று பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்கட்டும். எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டாம், ஸ்ட்ராவில் உறிஞ்சவும் வேண்டாம், ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். மரப்புப் போனதும் ஆறிய ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி கொடுக்கலாம். தலையணையில் லேசாகச் சிவந்த எச்சில் தெரிந்தால் பயமில்லை. வாய் நிறைய ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து, இருபது நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் கடிக்கவையுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு.

வேர் சிகிச்சை செய்த பல்லை ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். வலி இல்லாவிட்டாலும் வாருங்கள். ஈறில் கொப்புளம் திரும்பியிருக்கிறதா என்று நீங்களும் வாசல் வெளிச்சத்தில் மாதம் ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.